எழுத்தாணிப் பொருக்கு

குமரி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களில் வெண்திட்டு விழாத கமுகைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் வழியில் நிற்கும் ரப்பர் மரங்களிலும், வீட்டு முற்றத்துப் பலாவிலும் மாவிலும், யாரோ சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு வைத்ததுபோலச் சாம்பல் வெண்மையில் திட்டுகள் பரவியிருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் மண் இது. பட்டை காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. நாள்தோறும் கடந்து செல்வதாலேயே கண்ணில் படாமற்போன பொருள்களுள் இத்திட்டும் ஒன்று. கேட்டால், பட்டையின் நிறமே அதுதான் என்பார் சிலர். மரத்துக்குத் தேமல் என்பார் பலர். அது பட்டையின் நிறமும் அன்று, தேமலும் அன்று. தனியோர் உயிர், சரியாகச் சொன்னால் ஈருயிர்.

பள்ளிப் பாடநூல் இதனை லைக்கன் என்று அறிமுகப்படுத்துகிறது. பூஞ்சை ஒன்றும் பாசி ஒன்றும் சேர்ந்து ஓருடலாய் வாழும் வாழ்வு. உடலைக் கட்டி நீரைப் பிடித்து வைப்பது பூஞ்சை. ஒளியிலிருந்து உணவு ஆக்குவது பாசி. சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் சிமோன் சுவெண்டெனர் இதனை 1867இல் எடுத்துரைத்தபோது லைக்கன் அறிஞர்களே அவரை எள்ளி நகையாடினர். பூஞ்சை எசமானன், பாசி அடிமை என்று அவர் காட்டிய உவமை அவர்களுக்குக் கசந்தது. இன்று அவர் கூறியதன் அடிப்படையை மறுப்பார் இலர்; உவமையை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

லைக்கன்களை வடிவம் பற்றி மூன்றாகப் பகுப்பது வழக்கம். இலைபோல விரிவன, சிறு புதர்போல் கிளைப்பன, பட்டையோடு ஓடாக ஒட்டிக்கொள்வன. இலைபோன்றவற்றை நாம் தின்றும் இருக்கிறோம். செட்டிநாட்டுக் குழம்பில் மணம் கூட்டும் கல்பாசி அவ்வினத்தது, பெயரில்தான் பாசி. மூன்றாம் வகைக்குப் பாடநூல் ஆங்கிலப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘ஓடு போன்றது’ என்று எழுதுகிறது. தமிழாசிரியராகிய நமக்கு அதில் ஒரு குறை. காய்ந்து ஒட்டிக்கிடக்கும் மேலேட்டுக்குப் ‘பொருக்கு’ என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. சோற்றுப்பானையின் அடியில் இருப்பது பொருக்கு. வற்றிய குளத்தில் வெடிப்பது பொருக்கு. ஆறிய புண்மேல் காய்வதும் பொருக்கு. கத்தியால் சுரண்டினாலன்றிப் பிரியாத இந்த லைக்கனைப் பொருக்கு என்பதைவிட வேறெப்படிச் சொல்வது?

இவற்றின்மேல் நமக்கு நாட்டம் வந்தது ஒரு பலாமரத்தின் வழக்கில். மாமாவின் வீட்டுமுற்றத்தில் நல்ல வருக்கை ஒன்று நிற்கிறது. அவருடைய தாயார் நட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புவரை, அடிமரத்திலேயே சக்கை காய்த்துத் தரையில் படுத்துக்கிடக்கும். பிறகு காய்ப்பு குறைந்தது, உச்சி வெளுத்தது, கிளைநுனிகள் சில காய்ந்தன. கூடவே தண்டெங்கும் வெள்ளைத் திட்டு. 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் நாம் சென்றிருந்தபோது மாமா மரத்தடிக்கு அழைத்துச் சென்று காட்டினார்.

“பாத்தியா மக்களே, தேமலு ஏறி மேல போவுது. விட்டா மரத்தையே தின்னுப்போடும்.”

தடி வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து போயிருந்தார். தேமல் விழுந்த மரம் உள்ளே உளுத்துப்போகும், இப்போதே கொடுத்தால் நல்ல விலை, அடுத்த ஆண்டு விறகு விலைதான் என்பது அவருடைய வாதம். உரக்கடைக்காரர் மற்றொரு வழி சொல்லியிருந்தார்: வெட்டுகத்தியால் பட்டையைச் சுரண்டிவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிமுதல் கிளைவரை பூசவேண்டும். மாமா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மரத்துக்குக் கேடு என்றே நமக்குப் பட்டது. ஆனால் படுவது வேறு, அறிவது வேறு. பாட்டெழுதிய புலவன் யார் என்று தெரியாமல் காலத்தை உரைக்க முடியாததுபோல, திட்டு எது என்று தெரியாமல் அதற்காக வழக்காட முடியாது. மாமாவிடம் இரண்டு வாரத் தவணை வாங்கிக்கொண்டு, கல்லூரியில் தாவரவியல் துறை நண்பரைப் பிடித்தோம்.

அவர் முதலில் செய்தது, நம் கையில் பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்சைக் கொடுத்ததுதான். “சார், லென்சைக் கண்ணோட ஒட்டி வையுங்க. அப்புறம் தலையை மரத்துப் பக்கம் கொண்டு போங்க” என்றார். மரத்தை முத்தமிடப் போகிறவரைப்போல நிற்கவேண்டும், தெருவில் போகிறவர் நின்று பார்ப்பர், பொருட்படுத்தலாகாது.

லென்சின் வழியே தெரிந்தது தேமல் இல்லை, ஏடு. வெண்சாம்பல் தரை. அதன்மேல் கரிய கோடுகள். சில நேராக, சில வளைந்து, சில ஒய் எழுத்துப்போலக் கிளைத்து, சில ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் நெருங்கி. நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய தடத்தில் கரி தேய்த்தால் கோடு எப்படித் துலங்குமோ அப்படித் துலங்கின. சிதறால் மலையில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டைப் பார்த்துப் பழகிய கண், இங்கும் ‘க’ எங்கே ‘ட’ எங்கே என்று தானாகத் தேடத் தொடங்கியது. தொழில் பழக்கம் அப்படி.

இக்கோடுகள் அந்தப் பூஞ்சையின் கனியுடல்கள். நீண்டு இடுங்கிய கனியுடலுக்கு லிரெல்லா என்று பெயர். இலத்தீனில் லீரா என்றால் உழுசாலுக்கு நடுவே எழும்பும் வரப்பு; லிரெல்லா சிறுவரப்பு. பொருத்தமான பெயர்தான். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் இரண்டு உதடுகளாகப் பிளந்து நடுவில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஓடுவது தெரியும். உதடுகள் கரியாகிக் கறுத்தவை. அவ்வெடிப்பின் அடியில்தான் விதைத்துகள்கள் விளைகின்றன.

இப்பேரினத்தின் பெயர் கிராபிஸ். கிரேக்க மொழியில் அதன் பொருள் எழுத்தாணி! லின்னேயஸ் 1753இல் ஐரோப்பிய மரங்களில் கண்ட ஒன்றை ‘எழுதப்பட்ட லைக்கன்’ என்று குறித்தார். 1763இல் மிஷேல் அதன்சோன் கிராபிஸ் என்ற பேரினத்தை வகுத்தார். லின்னேயசின் மாணவரும் லைக்கனியலின் தந்தை எனப்படுபவருமான எரிக் அக்காரியஸ் 1809இல் லின்னேயசின் இனத்தை இதன்கீழ்க் கொண்டுவந்து கிராபிஸ் ஸ்கிரிப்டா ஆக்கினார். எழுத்தாணியும் எழுதப்பட்டதும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. ஓலை, எழுத்தாணி என்று வகுப்பில் ஆண்டுதோறும் பேசும் நமக்கு இது நம் துறைக்குள் வந்து சேர்ந்த உறவினரைப்போலவே தோன்றியது.

ஆயினும் கோடு கண்ட இடமெல்லாம் ஸ்கிரிப்டா என்று எழுதிவிடக் கூடாது என்று நண்பர் எச்சரித்தார். அது குளிர்நாட்டுக் காடுகளுக்குரியது. ஹேசல், ஆஷ் முதலிய மரங்களின் வழுவழுப்பான பட்டையை நாடுவது. அங்கேயே அப்பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருந்தன. 2011இல் வெளிவந்த ஆய்வொன்று ஐரோப்பாவில் மட்டும் நான்கைப் பிரித்துக் காட்டியது. வெப்பநாடுகளில் கிராபிஸ் இனங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உலகளாவிய இனங்காண் திறவுகோல் ஒன்று 2009இல்தான் வந்தது. நம் நாட்டுக்கு, இந்திய லைக்கனியலுக்கு அடித்தளமிட்ட தரணி தர் அவஸ்தி இந்தியா, நேபாளம், இலங்கை நுண்லைக்கன்களுக்கு எழுதிய திறவுகோல் 1991இல் வெளிவந்தது. அதன் பக்கங்களை நண்பர் புரட்டிக் காட்டியபோது நமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ‘ஆயின் இது, அன்றாயின் அடுத்த எண்ணுக்குச் செல்க’ என்று ஒவ்வோர் அடியும் வாசகனைக் கிளைவழியில் தள்ளிவிடுகிறது. இடையில் ஒரு விடை தவறினால் வேறு ஊருக்குப் போய்ச் சேர்வோம்.

எனவே வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் கனியுடலின் வடிவம். அதே பலாவில் நான்கு விரற்கடை தள்ளி வேறொரு வெண்திட்டு இருந்தது. அதில் கோடுகள் இல்லை, விளிம்பு கட்டிய நுண்ணிய வட்டக் கிண்ணங்கள். இன்னொன்றில் கரும்புள்ளிகள் மட்டும், கடுகை அரையாய் உடைத்துப் பதித்ததுபோல. கமுகின் தூரில் மஞ்சள் பொடி தூவியதுபோல ஒன்று. தூரத்திலிருந்து எல்லாமே ‘தேமல்’. கைலென்சில் பார்க்க நாலு குடும்பங்கள். இரண்டாவது, கோட்டின் உதடு. உதடு விரிந்து நடுவே பழுப்புத் தட்டு திறந்து தெரிந்தால் பெரும்பாலும் பேயோகிராபிஸ் என்னும் அயற்பேரினத்தை எண்ண வேண்டும். உதடுகள் கறுத்து நெருங்கி, வெடிப்பு மட்டும் தெரிந்தால் கிராபிஸ் பக்கம் சாயலாம். அவ்வுதடு மொழுமொழுவென்றிருக்கிறதா, நெடுக வரிவரியாகக் கீறியிருக்கிறதா என்பது இனத்தைப் பிரிக்க உதவும்.

மூன்றாவது சோதனைக்கு நகம் போதும். ஓரத்தில் மெல்லக் கீறினால் வெண்மைக்கு அடியில் மஞ்சள் கலந்த பசுமை தெரியும். சிலவற்றில் செம்மஞ்சள் சாயலே தெரியும். உள்ளே குடியிருக்கும் பாசி அது. டிரென்டிபோலியா என்று பெயர். பசும்பாசி வகையைச் சேர்ந்ததுதான்; ஆனால் காரட்டில் உள்ளது போன்ற நிறமி மிகுந்து பசுமையை மறைத்துவிடுகிறது. லைக்கனுக்குள் புகாமல் தனித்தும் அது வாழும். மழைக்காலத்தில் தென்னந்தண்டிலும் பழைய மதிலிலும் காவி பூசியதுபோலப் படர்வது அதுவே. 2001ஆம் ஆண்டு சூலை முதல் செப்டம்பர் வரை கேரளத்தின் கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் சிவப்பு மழை பெய்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். விண்கல் வெடித்தது என்றும், வேற்றுக்கோளின் உயிரணுக்கள் என்றும்கூட எழுதினர். அரசு கேட்டு நடந்த ஆய்வு அம்மழைநீரில் இருந்தவை டிரென்டிபோலியாவின் விதைத்துகள்கள் என்று கண்டது. விண்ணிலிருந்து வந்ததாகப் பேசப்பட்டது, நாம் முதுகு சாய்த்து நிற்கும் மரத்திலிருந்து போனது.

இடம் பார்ப்பதும் இனங்காண்பதில் ஒரு பகுதி. பட்டையை அடிக்கடி உரித்துப்போடும் கொய்யாவிலும் யூக்கலிப்டசிலும் பொருக்கு நிலைப்பது அரிது. குடியிருக்க வந்தவனை வீட்டுக்காரன் ஆண்டுதோறும் வெளியே தள்ளினால் எப்படி? கமுகு, பலா, இளமா, ரப்பர் போன்றவற்றில் பட்டை பல்லாண்டு நிற்கிறது. பட்டையின் வழுவழுப்பு, அதன் அமிலத்தன்மை, நீர் வழிந்திறங்கும் பக்கம், ஒளி விழும் அளவு ஆகியவை ஒன்றுகூடி எது எங்கே வாழும் என்று முடிவு செய்கின்றன. வளர்ச்சி மிக மெதுவானது. பொருக்கு வகைகளில் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்றுக்கு நம் பிள்ளைகளின் வயது இருக்கலாம்.

லைக்கன் இருந்தால் காற்று தூயது என்றொரு கருத்து பத்திரிகைகளில் அடிக்கடி வரும். பாரிஸின் லக்சம்பூர் தோட்டத்து லைக்கன்களை ஆராய்ந்த வில்லியம் நைலாண்டர், நகர்க்காற்றின் கேட்டுக்கு இவை சான்றாகும் என்று 1866இலேயே எழுதினார். வேரின்றி, மேல்தோல் காப்பின்றி, மழையும் காற்றும் தருவதையே பருகி வாழ்வதால் கந்தகப் புகையில் பல இனங்கள் மடிந்துபோகும். உண்மைதான். ஆனால் புகையைத் தாங்கும் இனங்களும் உண்டு. எது என்று பெயர் தெரியாமல், இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நற்சான்று வழங்குவது, மாணவன் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காகத் தேர்ச்சி வழங்குவது போன்றது.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். திட்டு மரத்தைத் தின்கிறதா?

தின்னவில்லை. அதன் உணவை அதன் பாசியே ஆக்குகிறது. பூஞ்சையின் இழைகள் பட்டையின் இறந்த மேலடுக்கில் பற்றிக்கொள்வதற்கு மேல், சாறு ஓடும் உயிர்ப்பகுதிக்குச் சென்று உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு நிற்க இடம்; அவ்வளவே. அப்படியானால் மரம் நலிந்தபோது திட்டு ஏன் பெருகிற்று? இவ்விடத்தில்தான் நண்பர் சொன்னது நம் மனத்தைத் தைத்தது. “மரம் வாடினதும் இலை கொட்டுது. இலை கொட்டினதும் தண்டுக்கு வெயில் வருது. வெயில் வந்ததும் இது செழிக்குது. நாம கடைசியில வந்து பாக்குறோம், பாத்ததும் இதுதான் கொன்னுதுங்கிறோம்.”

மரம் வாடியதற்குக் காரணம் காலடியில் கிடந்தது. 2019இல் மாமா மகளின் திருமணத்துக்காக முற்றம் முழுவதும் கான்கிரீட் போட்டு, மேலே இன்டர்லாக் கல் பதித்திருந்தார்கள். பலாவின் தூரைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடவில்லை. மழைநீர் எல்லாம் வழிந்து ஓடைக்குப் போய்விடும். காய்ப்பு குறையத் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டிலிருந்து என்று மாமியே கணக்குச் சொன்னார்கள். வேருக்கு நீரும் காற்றும் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கும், உறுதியாகச் சொல்ல மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார் நண்பர். பட்டையைச் சுரண்டுவது பற்றி மட்டும் அவருக்கு ஐயமில்லை. சுரண்டினால் பால் வடியும். அந்தப் புண் வழியாக உண்மையான நோய்ப்பூஞ்சை நுழையும். மயில்துத்தக் கலவை கமுகின் காயழுகலுக்குப் பயன்படும் மருந்துதான். நோயில்லாத பலாவின் தண்டுக்கு அது எதற்கு?

மாமா லென்சில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எழுத்து மாதிரில்லா கெடக்கு” என்றார். பிறகு, “முத்தத்தை ஒடைக்கணும்னா சொல்லுதிய?” என்று கேட்டார். அந்தத் தளத்துக்கு அவர் கொடுத்த பணம் நமக்கும் தெரியும். தடி வியாபாரி தருவதாகச் சொன்ன தொகையும் தெரியும். உடனே விடை சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் தூரைச் சுற்றி நான்கடி வட்டத்துக்குக் கல்லைப் பெயர்த்துக் கான்கிரீட்டை உடைத்திருந்தார். சாணமும் சருகும் போட்டிருந்தார். 2025இல் மரத்தில் ஏழு சக்கை. முன்னைக்கு முன் அது ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு மூன்று. காய்ந்த கிளைகள் காய்ந்தபடியே இருக்கின்றன. தடி வியாபாரி இன்னும் வந்துபோகிறார்.

இந்தப் பொருக்குக்காக வழக்காடிய நாமே இதனைச் சுரண்டவும் செய்திருக்கிறோம். கல்வெட்டுப் படி எடுக்கச் செல்லும்போது கல்லின்மேல் படர்ந்த லைக்கனைத் தேய்த்து நீக்காமல் எழுத்து துலங்காது. பாறையில் வாழும் வகைகள் அமிலம் சுரந்து கல்லை அரிப்பதும் உண்டு. ஆயிரம் ஆண்டு எழுத்தா, நாற்பது ஆண்டு பொருக்கா என்றால் கல்லில் நம் வாக்கு எழுத்துக்குத்தான். இதில் முரண் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கல்லில் அது எழுத்தை மறைக்கிறது. பட்டையில் அது மறைப்பது ஒன்றுமில்லை.

நண்பர் பலாவின் உதிர்ந்த பட்டைச் சில்லு ஒன்றை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். பிளேடால் ஒரு லிரெல்லாவைக் குறுக்காகச் சீவி, நுண்ணோக்கியில் காட்டினார். கண்ணாடி போன்ற நிறமற்ற விதைத்துகள்கள், குறுக்குச் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்து, சிறு புழுக்களைப்போலப் பைக்குள் அடுக்கியிருந்தன. அயோடின் ஒரு துளி விட்டதும் அவை ஊதா கலந்த நீலமாயின. “கிராபிஸ்தான், சார்” என்றார். எந்த இனம் என்று சொல்ல மெல்லடுக்கு வண்ணப்பிரிகைச் சோதனையால் அதன் வேதிப்பொருள்களைப் பார்க்க வேண்டும். அதற்கான வசதி எங்கள் கல்லூரியில் இல்லை. ஆகவே சில்லின் உறைமேல் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி, இனத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு இலக்கிய மாணவர்களை ஒருநாள் வளாகத்து மரங்களிடம் அழைத்துச் செல்கிறோம். விழாக்களுக்கு முன்பு அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவதால் மார்பளவுக்குக் கீழே ஒன்றும் கிடைக்காது; அதற்கு மேலேதான் லென்சை வைக்க வேண்டும். பார்த்ததைப் படம் வரைந்து, தமிழில் ஒரு பெயரும் இட வேண்டும் என்பது பணி. எழுத்தாணிப் பொருக்கு என்று நாம் முன்மொழிந்ததை ஒரு மாணவி ஏற்கவில்லை. “எழுத்தாணி எழுதுற கருவிதான ஐயா? இங்க எழுத்துதான இருக்கு” என்றாள். அவளுடைய ஏட்டில் ‘எழுத்துப் பொருக்கு’ என்று எழுதி, பக்கத்தில் எட்டுக் கோடுகளை வரைந்திருந்தாள். எட்டில் மூன்றுக்கு உதடுகளையும் மறவாமல் போட்டிருந்தாள்.